சொந்த டிரான்ஸ்மிட்டரை மாற்ற எஃப்சிசி அனுமதி எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு டிவி நிலையம் தன் டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டரை மேம்படுத்த எஃப்சிசியிடம் (ஒளிபரப்புக்கு லைசன்ஸ் தரும் அரசு ஆணையம்) ஏன் விண்ணப்பிக்க வேண்டும்? காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டால் ஆகாதா?

பெட்டியை மட்டும் மாற்றினால் ஆகும். நம்ப மாட்டீர்கள், ஆனால் அதுதான் விதி. பழைய வெற்றிடக் குழாய் டிரான்ஸ்மிட்டரைத் தூக்கிவிட்டு, குழாய்க்குப் பதில் டிரான்சிஸ்டரில் ஓடும் அங்கீகரிக்கப்பட்ட சாலிட் ஸ்டேட் ஒன்றை வைக்கலாம். வெளியே போகும் சக்தி லைசன்ஸில் உள்ளபடியே இருந்தால் முன் அனுமதி தேவையில்லை. நான் வேலை பார்த்த நிலையத்தில் முதல் முறை அப்படித்தான் மாற்றினோம். கரன்ட் பில் குறைந்தது, பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

சக்தியைக் கூட்டவோ, ஆன்டெனாவின் உயரத்தையோ திசையையோ மாற்றவோ நினைத்தால்தான் கதை வேறு. எஃப்சிசி கணக்கில் எடுப்பது டிரான்ஸ்மிட்டரின் வாட்டை அல்ல, ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் பயனுறு சக்தியான ஈஆர்பியை. 25 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர், கோபுரம் ஏறும் லைனில் கால்வாசி சூடாகப் போய்விடுகிறது, ஆன்டெனா சக்தியைக் குவித்து அனுப்புவதால் வரும் பெருக்கம் 24 என்றால் ஈஆர்பி 450 கிலோவாட். உயர் அலைவரிசையான யுஹெச்எஃப்பில் ஓடும் நிலையத்துக்கு உச்சவரம்பு 1000 கிலோவாட். அதற்காக எல்லோருக்கும் 1000 கிடைத்துவிடாது. ஒரே சேனலிலோ பக்கத்துச் சேனலிலோ ஓடும் இன்னொரு நிலையம் எட்டும் மக்கள்தொகையில் 0.5 சதவீதத்துக்கு மேல் புதிதாகக் குறுக்கீடு வரக்கூடாது. மலை, பள்ளம் எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகக் கணக்கிட்டு இதைக் காட்ட வேண்டும். கனடா, மெக்சிகோ எல்லைக்கு அருகில் என்றால் அந்த நாட்டிடமும் கேட்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு ஏன் என்பதற்கு ஃபிலடெல்ஃபியாவின் 6-ம் சேனல் நல்ல உதாரணம். 2009 ஜூன் 12-ல் அனலாக் நின்றதும் பலருக்கு அந்த சேனல் வரவில்லை. அனலாகில் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். டிஜிட்டலில் வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் வெறும் கறுப்புத் திரை. உடனே தற்காலிக அனுமதி வாங்கிப் பல மடங்கு சக்தியைக் கூட்டினார்கள். ஆனால் 6-ம் சேனல் 88 மெகாஹெர்ட்ஸில் முடிகிற இடத்தில்தான் எஃப்எம் தொடங்குகிறது. யோசிக்காமல் கூட்டினால் பக்கத்து வீட்டு ரேடியோ கத்தும்.

எங்கள் விண்ணப்பம் மாட்டிக்கொண்டது ஓர் அற்ப விஷயத்தில். யாரோ பழைய கோப்பிலிருந்து கோபுரத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே நகலெடுத்திருக்கிறார். அது 1927 அளவை முறையில் இருந்தது, படிவம் கேட்பது 1983 முறை. சில பத்து மீட்டர் வித்தியாசம், அவ்வளவுதான். எஃப்சிசியிடம் உள்ள கோபுரப் பதிவோடு ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்துவிட்டது. குறுக்கீட்டுக் கணக்குக்கு ஆலோசகரிடம் நாள் கணக்கில் உட்கார்ந்தோம், கடைசியில் கவிழ்த்தது இது! நீங்கள் விண்ணப்பிப்பதாக இருந்தால் முதலில் கோபுரப் பதிவை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி வந்தால் அது கட்டுமான பெர்மிட்தான், லைசன்ஸ் அல்ல. 36 மாதத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும். முடித்ததும் எஃப்சிசிக்குத் தெரிவித்துவிட்டுப் புதிய சக்தியில் ஒளிபரப்பைத் தொடங்கலாம், லைசன்ஸ் விண்ணப்பத்தை 10 நாளுக்குள் போட வேண்டும். 36 மாதம் தாராளம் என்று தோன்றும். எங்களுக்கு அதில் பாதி, காற்று அடங்கும் நாளுக்கும் கோபுரம் ஏறும் ஆட்களுக்கும் காத்திருந்தே போனது.