எண் போடாமல் விட்ட அந்த ஒரு வரி

டாக்டரான எனக்கு அனுப்பிய கடிதத்தில் உங்கள் பதினொரு தொல்லைகளை எண் போட்டு எழுதியிருக்கிறீர்கள். விரல் மரத்துப்போவது, கண் இமை துடிப்பது, முடி கொட்டுவது, நடு ராத்திரிப் படபடப்பு, கைக்கடிகாரம் தூக்கத்தில் காட்டிய 52 என்ற நாடித்துடிப்பு, இப்படி. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில், எண்கூடப் போடாமல் ஒரு வரி வருகிறது: "ஆபீஸில் மூன்றாவது மாடி ஏறும்போது மட்டும் வாயு அடைத்த மாதிரி நெஞ்சில் ஒரு பிடிப்பு, இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடும், கேஸ் மாத்திரை போட்டுக்கொள்கிறேன்." நான் பதில் எழுத உட்கார்ந்ததே இந்த வரிக்காகத்தான்.

இந்த வாரமே ஓர் இதய மருத்துவரைப் பாருங்கள். அடுத்த மாதம் விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

வாயுவுக்கு மாடிக் கணக்கு தெரியாது. அது சாப்பிட்ட பிறகு வரும், படுத்தால் வரும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வரும். மூன்றாவது மாடியில் சரியாக வந்து, நின்றவுடன் மரியாதையாகப் போய்விடுகிற வாயுவை நான் பார்த்ததில்லை. படி ஏறும்போது இதயம் வேகமாக வேலை செய்கிறது, அதற்கு அதிக ரத்தம் வேண்டும். இதயத் தமனியில் அடைப்பு இருந்தால் உட்கார்ந்திருக்கும்போது போதுமானதாக இருந்த ரத்தம், ஏறும்போது போதாமல் போகிறது. அந்தப் பற்றாக்குறைதான் பிடிப்பாகத் தெரிகிறது. நின்றதும் தேவை குறைகிறது, பிடிப்பும் விடுகிறது. கேஸ் மாத்திரையால் சரியானது என்று நினைக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் நின்றதால் சரியானது.

1768-ல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் இந்தப் பிடிப்பை விவரித்தபோது இ.சி.ஜி. கிடையாது, ஸ்டெதஸ்கோப்கூட இன்னும் வரவில்லை. நடக்கும்போது, அதிலும் மேடேறும்போது, சாப்பிட்ட கையோடு நடந்தால் முக்கியமாக வரும், நின்றால் போய்விடும் என்று நோயாளிகள் சொன்னதை மட்டும் வைத்துத்தான் அவர் அதற்கு ஆஞ்சைனா பெக்டோரிஸ் என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் இதைக் கண்டுபிடிக்க முதல் கருவி நோயாளியின் பேச்சுதான். ஆனால் பலர் "வலியெல்லாம் இல்லை டாக்டர், ஒரு மாதிரி இருக்கு, அவ்வளவுதான்" என்பார்கள். அந்த "ஒரு மாதிரி"தான் எனக்கு வேண்டியது. அழுத்தம், இறுக்கம், கனம், தாடைக்கோ இடது தோளுக்கோ பரவும் ஒரு அசௌகரியம், சிலருக்கு வெறும் மூச்சு வாங்கல். விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், ஊசி குத்தியது போல ஒரு நொடி வந்து போவது பெரும்பாலும் இதயம் அல்ல. உங்கள் பட்டியலில் ஒன்பதாவதாக எழுதியது அந்த வகை. அதை விட்டுவிடுங்கள்.

எட்டு மாதத்துக்கு முன் எடுத்த இ.சி.ஜி. நார்மல் என்று எழுதியிருக்கிறீர்கள். படுத்துக்கொண்டு எடுத்ததுதானே? ஓய்வில் இருக்கும் இதயம் எந்தக் குறையும் சொல்லாமல் இருக்கலாம். ஆஞ்சைனா உள்ள பலருக்கும் ஓய்வு நிலை இ.சி.ஜி. சுத்தமாகவே இருக்கும். அதனால்தான் நடக்கவைத்தே இ.சி.ஜி. எடுக்கும் ட்ரெட்மில் சோதனை, இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ, தேவைப்பட்டால் ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் என்று போகிறோம். எது வேண்டும் என்பதை நேரில் பார்ப்பவர் முடிவு செய்வார். நீங்களாக லேபுக்குப் போய் "முழு உடல் பரிசோதனை" வாங்கி வராதீர்கள்.

அவரிடம் போகும்போது பதினொரு அம்சப் பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். எத்தனை படியில் வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, நின்றால் போகிறதா, எப்போது ஆரம்பித்தது, இவ்வளவு போதும். முக்கியமாக ஒன்று: முன்பு மூன்றாவது மாடியில் வந்தது இப்போது இரண்டாவதிலேயே வருகிறதா? அப்படியானால் இந்த வாரம்கூட அல்ல, இன்றே. சும்மா இருக்கும்போது வந்தாலோ, நின்ற பிறகும் சில நிமிடத்தில் போகாவிட்டாலோ, குப்பென்று வியர்த்தாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. அந்த நேரத்தில் செல்போனில் அறிகுறியைத் தேடிக்கொண்டும் இருக்கக்கூடாது.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். யாரோ அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு மூன்று மாதமாகத் தினம் ஆஸ்பிரின், கூடவே முழங்கால் வலிக்கு இபுப்ரோஃபென். இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும் வாய்ப்பு கூடுகிறது. போதாததற்கு, ரத்தம் கட்டியாக உறைவதைத் தடுத்து ஆஸ்பிரின் இதயத்துக்குச் செய்யக்கூடிய வேலையை இபுப்ரோஃபென் கெடுக்கலாம். அதாவது கெடுதலை மட்டும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். இபுப்ரோஃபெனை இன்றோடு நிறுத்துங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுவதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். சோதனை முடிந்து அவரே அதை எழுதித் தரவும் கூடும். காரணத்தோடு தருவது வேறு, பயத்தில் விழுங்குவது வேறு.

"நாலு சிகரெட்தானே" என்ற வார்த்தையும் எனக்குப் பிடிக்கவில்லை. தினம் ஒன்றே ஒன்று பிடிப்பவருக்குக்கூட, 20 பிடிப்பவருக்குக் கூடுகிற இதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி வந்து சேர்ந்துவிடுகிறது. இதயத்தைப் பொறுத்தவரை குறைத்துக்கொள்வது என்பது நிறுத்துவதற்கு ஈடே ஆகாது.

நீங்கள் அதிகம் பயப்படுவது ராத்திரிப் படபடப்புக்கு. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. படுத்தவுடன் நெஞ்சைக் கவனிக்கிறீர்கள், ஒரு துடிப்பு தவறியது போலத் தோன்றுகிறது (ஆரோக்கியமானவர்களுக்கும் நடப்பதுதான்), கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள், எண்ணைப் பார்த்ததும் பயம், பயத்தில் மூச்சு வேகமாகிறது, வேக மூச்சில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகிறது. உங்கள் பட்டியலில் நான்கு எண்கள் இந்த ஒரே சங்கிலியில் அடங்கிவிட்டன. பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்குவது பீதித் தாக்குதலின் குணம். தூக்கத்தில் 52 என்பது நல்ல எண்தான். கடிகாரத்தைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். மயக்கம் வந்தாலோ, படபடப்பு நிற்காமல் நெடுநேரம் ஓடினாலோ மட்டும் அது வேறு கதை. அதையும் இதய மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இமை துடிப்பது தூக்கக் குறைவு. முடி கொட்டுவது உங்கள் வயதும் பரம்பரையும். நீங்கள் விழுங்கும் ஆறு விதமான விட்டமின் மாத்திரைகளில் பெரும்பகுதி சிறுநீரில்தான் போகிறது. ஆனால் விட்டமின் டி அப்படிப் போகாது. சேர்ந்துகொண்டே போய் ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும். ரத்தத்தில் அளவு பார்க்காமல் அதை வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

அப்புறம் உடற்பயிற்சி. தினம் 10,000 அடி நடக்க முடியவில்லை என்று குற்ற உணர்ச்சி வேறு. அந்த எண் எந்த ஆய்வகத்திலும் பிறக்கவில்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரே "பத்தாயிரம் அடி மானி" என்பதுதான். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது, அந்த வேகம். ஆனால் உங்களுக்கு இதெல்லாம் சோதனைக்குப் பிறகு. அதுவரை ஓட்டமும் கிடையாது, எடை தூக்குவதும் கிடையாது. பிடிப்பு வராத வேகத்தில் சமதரையில் நடந்தால் போதும். ஆபீஸில் லிஃப்டில் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசிப் பக்கத்தில்தான் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 49 வயதில் மாரடைப்பில் போனவர், உங்களுக்கு இப்போது 46. ராத்திரியில் எண்ணிக்கொண்டிருப்பது நாடியை அல்ல, அந்த மூன்று வருடத்தை என்று எனக்குப் படுகிறது. அப்பாவோ சகோதரரோ 55 வயதுக்கு முன் இதய நோய்க்கு ஆளாகியிருந்தால் அதை நாங்கள் ஒரு தனி ஆபத்துக் காரணியாகவே கணக்கில் எடுக்கிறோம். அதனால் அந்தக் கவலை வீண் கவலை இல்லை. ஆனால் அது உங்களைச் சோதனைக்கு அனுப்ப வேண்டிய கவலை. நீங்களோ அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பகலில் கேஸ் மாத்திரை வாங்கியிருக்கிறீர்கள். அடைப்பே இருந்தாலும் மருந்து, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், தேவைப்பட்டால் அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்று இன்றைக்கு வழிகள் இருக்கின்றன. சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தும் அந்தப் பயம் போகவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பீதிக்கு நன்றாகப் பலன் தருகிற பேச்சு சிகிச்சை இருக்கிறது.

போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். மாடிப்படி விஷயத்தை அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எழுதுங்கள். பதினொன்றில் மிச்சம் இருப்பதை அப்போது பார்க்கலாம்.