நூலகத்தில் இலவசச் சட்ட உதவி: வக்கீல்கள் கிடைத்துவிட்டார்கள், வேறென்ன வேண்டும்?

“எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் மாதம் இருமுறை இலவசச் சட்ட ஆலோசனை தொடங்கப் போகிறோம். இரண்டு வக்கீல்கள் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். நடத்துவதற்கு வேறென்ன வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

வந்தவர் கையிலிருக்கும் பிளாஸ்டிக் பையை வாங்கி, உள்ளே இருக்கும் தாள்களைப் பிரித்துப் படித்து, தேதி குறிக்கிற ஓர் ஆள் வேண்டும். வக்கீலுக்கு அதற்குப் பிறகுதான் வேலை. இதை நான் தெரிந்துகொள்ள ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. அதற்குள் ஒருவர் நஷ்டப்பட்டும் போனார்.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். இனவெறி ஆட்சி இந்தியர்களை ஒதுக்கிவைப்பதற்காக 1960களில் எழுப்பிய குடியிருப்பு இது. டர்பன் மாநகராட்சித் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பேரக்ஸிலிருந்து இங்கே பெயர்த்து நடப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். என் அம்மாவின் குடும்பமும் அப்படி வந்ததுதான். இன்று பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் வருகிறது. என் எழுத்துத் தமிழ் கோயிலை ஒட்டிய மாலைப் பள்ளியில் பிடிவாதமாகக் கற்றது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முதல் சனிக்கிழமை இப்படி நடந்தது. கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம், மளிகைக் கடையில் ஒட்டினோம். முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். வக்கீல்கள் இருவர், நூலகம் பகல் ஒரு மணிக்கு மூடிவிடும். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று கணக்குப் போட்டோம். முதலில் உட்கார்ந்த பெரியவர் தன் அண்ணனுக்கும் தனக்கும் எப்படிப் பேச்சு நின்றது என்பதில் தொடங்கினார். பத்து நிமிடம் முடிந்தபோது அவர் இன்னும் 1998இல்தான் இருந்தார். அன்று வந்தவர்களில் பாதிப் பேர் ஒரு தாள்கூடக் கொண்டுவரவில்லை. மீதிப் பாதி, வீட்டிலுள்ள எல்லாத் தாள்களையும் கொண்டுவந்திருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் இருந்தார். நீக்கி 26 நாள் ஆகியிருந்தது. “கடிதம் எங்கே?” என்று வக்கீல் கேட்டார். வீட்டில் இருப்பதாகச் சொன்னார். “அடுத்த தடவை கொண்டுவாருங்கள்.” அடுத்த தடவை இரண்டு வாரம் கழித்து. இங்கே நியாயமற்ற பணிநீக்கம் என்று முறையிட, சி.சி.எம்.ஏ. எனப்படும் வேலைத் தகராறு ஆணையத்துக்கு 30 நாட்களுக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். அவர் கடிதத்தோடு வந்தது நாற்பதாவது நாள். தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனியாக ஒரு மனு எழுதி, அதற்குக் காரணம் காட்டி, அது ஏற்கப்பட்டால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். என்ன காரணம் எழுதுவது? நூலகத்தில் வரச் சொன்னார்கள் என்றா? வக்கீல் எப்படியோ எழுதிக் கொடுத்தார், ஏற்கப்படவில்லை. அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அந்தப் படிவத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. முதலாளிக்கு ஒரு பிரதி அனுப்பியதற்கான அத்தாட்சியோடு ஆணையத்துக்கு அனுப்பினால் போதும். முதல் சனிக்கிழமையே நான் நூலகக் கணினியில் அதை எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

அதன் பிறகு ஒரு சீட்டு தயாரித்தேன். அதில் நான்கே கேள்விகள். எந்தத் தேதியில் நடந்தது? யாரோடு தகராறு? கையில் என்ன தாள் இருக்கிறது? என்ன நடந்தால் உங்களுக்குத் திருப்தி? வக்கீல் வரும் நாளுக்கு முந்தைய புதன்கிழமை மாலையில் இந்தச் சீட்டை எழுதிவிட்டவர்களுக்கு மட்டும் சனிக்கிழமை இடம் உண்டு என்று வைத்தோம். முதலில் சலசலப்பு எழுந்தது. “இலவசத்துக்கும் வரிசையா?” என்று ஒருவர் சத்தம் போட்டார். ஆனால் புதன்கிழமை வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சனிக்கிழமை வரவேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

“யாரோடு தகராறு” என்ற கேள்வியை அற்பமாக நினைக்காதீர்கள். ஒரு நாள் ஒரு பெண் தன் வீட்டு உரிமையாளர் முன்பணத்தைத் திருப்பித் தர மறுப்பதாக எங்கள் வக்கீலிடம் முழுக்கதையும் சொல்லிவிட்டாள். கடைசியில் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அந்த உரிமையாளர் அவருடைய அலுவலகத்தின் வாடிக்கையாளர். இரண்டு பக்கமும் இருக்க அவருக்கு அனுமதியில்லை, கேட்டதைக் கேட்காததாக்கவும் முடியாது. சீட்டில் பெயரை முன்பே பார்த்திருந்தால் மற்ற வக்கீலிடம் அனுப்பியிருப்போம்.

தாளின் முக்கியத்துவம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1894இல் இதே டர்பனில், முன்பற்கள் உடைந்து வாயில் ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலி காந்தியிடம் வந்து நின்றார். அடித்தவர் அவருடைய எஜமானர். காந்தி அவரை உடனே டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். அதோடு மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போய் அவருடைய பிரமாணப் பத்திரத்தைக் கொடுத்தார். கடைசியில் பாலசுந்தரம் வேறு எஜமானரிடம் மாற்றப்பட்டார்.

நூலகத்துக்கு மிகவும் பொருத்தமான வேலை சிறு தொகை வழக்குகள். இங்கே ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் என்று ஒன்று உண்டு. 2019 ஏப்ரல் முதல் அதன் வரம்பு 20,000 ரேண்ட். வக்கீல் யாருக்காகவும் அங்கே வாதாடக்கூடாது. தனிமனிதர் கம்பெனி மேல் வழக்குப் போடலாம், கம்பெனி தனிமனிதர் மேல் போட முடியாது. அரசாங்கத்தின் மேலும் மாநகராட்சியின் மேலும் போட முடியாது. தண்ணீர் பில் தகராறோடு வருபவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முதல் படி ஒரு கோரிக்கைக் கடிதம்: இவ்வளவு தரவேண்டும், இதனால் தரவேண்டும், 14 நாட்களுக்குள் தாருங்கள். அதைக் கையில் கொடுத்த அத்தாட்சியையோ பதிவுத் தபால் ரசீதையோ பத்திரமாக வைத்தால் போதும். ஆத்திரமெல்லாம் அடித்துத் திருத்தி, ஒரு பக்கத்துக்குள் கடிதம் எழுத உதவுவது நூலகருக்குக் கைவந்த கலை. சாயம் போன சோபாவைத் திருப்பி எடுக்க மறுத்த ஒரு கடை, அந்தக் கடிதம் கிடைத்த பத்தாம் நாள் பணத்தைக் கொடுத்துவிட்டது. வழக்கே தேவைப்படவில்லை.

ஆனால் எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் முக்கியம். படிவத்தை எடுத்துத் தரலாம், வாசித்துக் காட்டலாம், காலக்கெடுவைச் சொல்லலாம். “உங்கள் பக்கம்தான் நியாயம், ஜெயிப்பீர்கள்” என்று ஒருபோதும் சொல்லக்கூடாது. நான் ஒரு தடவை சொல்லிவிட்டேன். அவர் தோற்றார். அதற்குப் பிறகு அவர் நூலகத்துக்குப் பேப்பர் படிக்கக்கூட வருவதில்லை.

எங்கள் பகுதியில் அதிகமாக வந்த சிக்கல் நீங்கள் எதிர்பார்க்காதது: தாத்தா பெயரிலேயே நிற்கும் வீடு. தாத்தா இறந்து முப்பது ஆண்டு, ஆயாவும் போய்விட்டார். மூன்று தலைமுறை உள்ளே வாழ்கிறது, பத்திரம் அப்படியே கிடக்கிறது. இறந்தவர் சொத்தைப் பிரிப்பதை மேற்பார்க்கும் மாஸ்டர் அலுவலகத்தில் யாரும் எதையும் தாக்கல் செய்யவில்லை. இறந்தவரின் மொத்தச் சொத்து 250,000 ரேண்டுக்கு உட்பட்டிருந்தால் அந்த அலுவலகம் தரும் ஓர் அதிகாரக் கடிதத்தோடு முடிக்கலாம். அதற்கு மேல் போனால், சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்புள்ள நிறைவேற்றாளரை முறையாக நியமிக்க வேண்டும், நீண்ட வழி.

இதில் இன்னொரு முடிச்சு, திருமணம். கோயிலில் தாலி கட்டி நாற்பது ஆண்டு வாழ்ந்திருப்பார்கள், அரசாங்கப் பதிவு இருக்காது. இந்துத் திருமணத்தை மட்டும் வைத்துச் சட்டப்படி மனைவி என்று சொல்ல முடியாத நிலை இங்கே வெகுகாலம் இருந்தது. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் பங்கு பெற, ஒருதார இந்துத் திருமணத்தின் துணையும் வாழ்க்கைத் துணைதான் என்று டர்பன் உயர் நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. தீர்ப்பு இருந்தாலும் திருமணம் நடந்ததற்கு ஆதாரம் வேண்டுமே. அதைத் தேடும் வேலைதான் எங்கள் மேசைக்கு வந்தது. மஞ்சள் தடவிய அழைப்பிதழ், பக்கங்கள் ஒட்டிக்கொண்ட ஆல்பம், சடங்கு செய்த குருக்கள் உயிரோடு இருந்தால் அவருடைய பிரமாணப் பத்திரம். ஒரு ஆயா தன் கல்யாணப் போட்டோவைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, “இது போதுமா அம்மா, இல்லை தாலியையும் காட்டவா?” என்று கேட்டார். வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார்.

உயில் பற்றியும் ஒரு வார்த்தை. சாட்சிக் கையெழுத்துப் போடும் இருவருக்கும், அவர்களுடைய கணவன் மனைவிக்கும், அந்த உயிலில் எழுதிய பங்கு பொதுவாகக் கிடைக்காமல் போய்விடும். அன்போடு மருமகளைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கினால் மகனுடைய பங்குக்கு ஆபத்து. இப்படிப்பட்ட உயில்களைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால் நூலகத்துக்கு வந்த வேற்று ஆட்களையே சாட்சியாக வைத்தோம். துப்பறியும் கதை எடுக்க வந்தவர் உயிலுக்குச் சாட்சியாகித் திரும்பினார்.

மேசையை எங்கே போடுவது என்பதில் நான் பெரிய தவறு செய்தேன். வெளிச்சமும் காற்றும் நன்றாக இருக்கிறதென்று செய்தித்தாள் பகுதியில் போட்டேன். அங்கே காலையிலிருந்து உட்காரும் தாத்தாக்கள் ஒருவர்கூடப் பக்கம் புரட்டவில்லை. பிறகு குழந்தைகள் பகுதிக்குப் பின்னால் இருந்த பழைய சாமான் அறையைக் காலி செய்தோம். அதன் பயன் வேறு விதமாகத் தெரிந்தது. அடி வாங்கும் பெண் போலீஸ் நிலையத்துக்குப் போனால் தெருவுக்கே தெரியும். பிள்ளையின் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நூலகம் போகிறாள் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். குடும்ப வன்முறைப் பாதுகாப்பு ஆணைக்குக் கட்டணம் இல்லை என்பதையே பலர் அந்த அறையில்தான் முதன்முதலாகக் கேட்டார்கள். அவர்களுக்கு எதையும் தாளில் எழுதிக் கொடுத்தனுப்பாதீர்கள். வீட்டில் யார் கையில் சிக்கும் என்று தெரியாது.

எங்கள் சுவரொட்டிகளில் ஆங்கிலமும் கொஞ்சம் தமிழும் இருந்தன. சாட்ஸ்வொர்த்துக்குள்ளேயே பாட்டில்பிரஷ் என்ற குடிசைப் பகுதி இருக்கிறது. அங்கிருந்து வந்தவர்கள் ஸுலு பேசுபவர்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்றக்கூடாது என்று எங்கள் அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு சொல்கிறது. அதை அவர்கள் மொழியில் சொல்ல எங்கள் மேசையில் ஆளில்லை. புத்தகம் அடுக்கும் ஸுலுப் பெண் ஒருத்தி தானாக முன்வந்து உட்கார்ந்தாள். ஆறு மாதத்தில் சீட்டு எழுதுவதில் என்னைவிடக் கெட்டிக்காரியாகிவிட்டாள். அவளுக்கு அந்த நேரத்துக்குச் சம்பளம் வாங்கித் தர நான் நடத்திய போராட்டத்தைத் தனிப் பதிலாக எழுதலாம்.

மற்றவை சின்ன விஷயங்கள். அடையாள எண் எழுதிய சீட்டுகளை வைத்திருக்காதீர்கள், வேலை முடிந்ததும் கிழித்துவிடுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் இங்கே முழுமையாக அமலில் இருக்கிறது, உங்கள் நாட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம். நகல் எடுக்கும் செலவை யார் ஏற்பது என்று முன்பே பேசிவிடுங்கள், பாதிச் சண்டை அதில்தான் வரும். உள்ளூர் நாட்காட்டியைப் பாருங்கள்: புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் மேசையில் ஈ ஓட்டினோம்.

உங்கள் இரண்டு வக்கீல்களையும் முதல் மாதம் வரச் சொல்லாதீர்கள். அந்த மாதம் சீட்டு மட்டும் எழுதுங்கள், பைகளைப் பிரியுங்கள், தேதி நெருங்கிவிட்டவர்களை மட்டும் அன்றே போனில் வக்கீலிடம் பேசவையுங்கள். ஸ்டேப்ளர் பின் நிறைய வாங்கிவையுங்கள். எங்களுக்கு முதல் நாளே தீர்ந்துவிட்டது.