கோரையும் வெண்கலமும் காற்றாடி இறக்கையும்: ஆய்வு குறித்து வாசகர்கள் கேட்டவை

என் மகன் பொருளறிவியல் பொறியியலில் முதுநிலை படிக்கிறான். மகள் தமிழில் எம்.ஏ. முடித்துவிட்டு, கைத்தொழில் செய்வோரின் சொற்களைத் தொகுத்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறாள். மகன் படிப்பால் நாட்டுக்குப் பயன் உண்டு, மகளுடையது ஏட்டுச் சுரைக்காய் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?
*வாசகர், வீரவநல்லூர்*

உறவினர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன், மகனையும் மகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாமிரபரணிக் கரையில் பழங்காலத்தார் இறந்தோரைத் தாழிகளில் புதைத்த மேடான ஆதிச்சநல்லூர்ப் பரம்புக்கு அழைத்துச் செல்லுங்கள். 1876-இல் பெர்லினிலிருந்து வந்த ஆய்வாளர் யாகோர் அங்கே முதலில் தோண்டினார். பிறகு 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்து, தாழிகளோடு இரும்புக் கருவிகள், பொற்பட்டங்கள், வெண்கலக் கலங்கள் ஆகியவற்றை வெளியே எடுத்தார். அந்த வெண்கலக் கலங்களை நெடுங்காலம் வடிவத்தை வைத்தே விவரித்தார்கள்: மூடியின் மேல் எந்த விலங்கு நிற்கிறது, கிண்ணம் எவ்வளவு அகலம் என்ற அளவில் பேச்சு நின்றது. உலோகவியலாளர்கள் அவற்றை நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் வேறொரு செய்தி தெரியவந்தது. மெல்லிய கிண்ணங்கள் சிலவற்றில், செம்போடு நூற்றுக்கு ஏறத்தாழ 23 பங்கு வெள்ளீயம் கலந்திருந்தது.

இந்த அளவு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் ஒரு முரட்டுப் பொருள். உருக்கி வார்த்து அப்படியே ஆறவிட்டால், கண்ணாடியைப் போல நொறுங்கும். சூடு 600 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறி, 800-ஐத் தொடாமல் நிற்கும் இடைவெளியில் மட்டும் அது சம்மட்டிக்கு இணங்கும். அந்தச் செஞ்சூட்டிலேயே மெல்லிய கிண்ணமாக அடித்து, சட்டென்று நீரில் முக்கினால், நொறுங்கும் இயல்புள்ள படிக அமைப்பு உருவாக அவகாசம் கிடைக்காமல், பொன்னிறமும் நீண்ட ஒலியும் கொண்ட கலமாக அது நின்றுவிடும். வெண்கலக் கடையில் யானை புகுந்தது போல என்று நாம் சொல்வதில்கூட வெள்ளீயம் இருக்கிறது. செம்புக் கடை என்று அந்தப் பழமொழியைச் சொல்லிப் பாருங்கள், பாதி ஓசை போய்விடும்.

இப்போது உங்கள் மகளிடம் வருகிறேன். வெப்பமானி இல்லாத காலத்துக் கன்னான், சூடு போதும் என்பதை எப்படி அறிந்தான்? நிறத்தைப் பார்த்து அறிந்தான். இருண்ட சிவப்பு, பழச் சிவப்பு, மஞ்சள் ஓடிய சிவப்பு என்று உலையில் உலோகம் காட்டும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சூடு உண்டு. அந்த நிறங்களுக்குப் பட்டறைக்குள் வழங்கும் பெயர்கள், இன்று வயதானவர்களின் வாயில் மட்டுமே இருக்கின்றன. பாலக்காட்டுப் பக்கம் இதே முறையில் கிண்ணம் செய்த கைவினைஞர்களை அண்மைக் காலத்தில் நேரில் பார்க்க முடிந்ததால்தான், ஆதிச்சநல்லூர்க் கிண்ணத்தின் செய்முறையை ஆய்வாளர்களால் உறுதியாகப் பேச முடிந்தது. உங்கள் மகள் ஒரு சொல்லைக் குறித்துக்கொள்ளும் அதே கணத்தில், உங்கள் மகன் பக்கத்தில் நின்று சூட்டை அளந்தால், அந்தச் சொல் ஓர் எண்ணாகவும், அந்த எண் ஒரு செய்முறையாகவும் மாறும். இருவரில் ஒருவர் மட்டும் போனால் கிடைப்பது பாதிதான். தாமிரபரணிக் கரையில் கிடைக்காத வெள்ளீயம் எந்த வணிக வழியில் இங்கே வந்தது என்ற கேள்வி, அதற்குப் பிறகும் மிச்சம் இருக்கிறது. அதற்கு வரலாற்றுத் துறையிடமும் போக வேண்டும்.

உறவினர்களுக்கு இன்னொன்றும் நினைவூட்டலாம். நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை, பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்துகொண்டே, 1969-இல் பாளையங்கோட்டையிலிருந்து ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கினார். மக்களின் பாட்டு, கதை, பழக்கம் ஆகிய நாட்டார் வழக்காறுகளைப் படிப்பது வீண் வேலை என்று அன்றும் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். இன்று தமிழகத்தில் அத்துறையில் ஆய்வு செய்பவர் எவரும் அவரைத் தாண்டாமல் போக முடியாது.

நாங்கள் பரம்பரையாகப் பாய் நெய்பவர்கள். ஒரு கல்லூரியிலிருந்து வந்த ஆசிரியை, ‘நிலைத்த வணிகம்’ பற்றி ஆய்வு செய்வதாகச் சொல்லி எங்கள் கணக்கையெல்லாம் கேட்கிறார். சொல்லலாமா? சொன்னால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?
*வாசகி, பத்தமடை*

சொல்லலாம், ஆனால் நீங்களும் அவரைச் சில கேள்விகள் கேட்க வேண்டும். நிலைத்த வணிகம் என்பது, இயற்கையும் தொழிலாளியும் கெடாமல் நீடித்து நடக்கும் வணிகம்.

முதலில் என் பழைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இளம் ஆசிரியனாக இருந்தபோது, நாற்பது கேள்விகள் அச்சிட்ட தாளோடு ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். முதல் கேள்வியே ‘ஆண்டு விற்றுமுதல் எவ்வளவு’ என்பது. அந்த அம்மா, நோன்புக்கு முன் இத்தனை பாய், மகள் பிரசவத்துக்கு வந்த மாதம் தறியில் உட்காரவே இல்லை, அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குப் பெயர் நெய்து கொடுத்த பாய் ஒன்று என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். எதையும் எழுத என் தாளில் கட்டம் இல்லை. கடைசியில் என் மனம்போன போக்கில் ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்தேன். அந்த எண் கல்லூரி அறிக்கையில் ஏறியது. இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் தொழிலில் ஆய்வுக்குரிய இடங்கள் பல இருக்கின்றன. பச்சைக் கோரையைக் கீறிக் காயவைத்து, ஓடுகிற நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தி எடுத்தால்தான் பட்டுப் பாய்க்கு ஆகும் மெல்லிய இழை கிடைக்கிறது. தேங்கிய நீரிலோ சாக்கடை கலந்த நீரிலோ ஊறிய கோரையின் நிறமும் உறுதியும் என்ன ஆகின்றன என்பதைப் பொருளறிவியல் ஆய்வுக்கூடத்தில் அளந்து சொல்லிவிட முடியும். அளந்து சொன்னால், தாமிரபரணி நீரின் தூய்மை என்பது சுற்றுச்சூழல் பேச்சு மட்டுமல்ல, உங்கள் மூலப்பொருளின் விலை என்று ஆகிவிடும். பதங்கக் கட்டையின் சிவப்புச் சாயத்தை விட்டு வேதிச் சாயத்துக்கு வந்ததில் மிச்சமான நேரம் எவ்வளவு, இழந்த விலை எவ்வளவு என்பது வணிகத் துறையின் கணக்கு. ஒரு பட்டுப் பாயின் விலையில் செலவைக் கழித்து, மிச்சத்தைப் பாவு ஓட்டியது முதல் அறுத்து எடுக்கும் வரை நீங்கள் செலவிட்ட மணி நேரத்தால் வகுத்து, ஒரு மணிக்கு உங்களுக்கு என்ன நிற்கிறது என்பதைக் கணக்கிட்டுத் தரச் சொல்லி அந்த ஆசிரியையிடம் கேளுங்கள். அந்த ஓர் எண் இல்லாத ஆய்வறிக்கையால் உங்களுக்குப் பயன் இல்லை என்பது என் கருத்து.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொருளுக்குக் குறியீடு கிடைப்பது ஒன்று. அதை நெய்பவர் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ என்று தம் பெயரைப் பதிவு செய்துகொள்வது வேறொன்று. குறியீட்டின் பதிவையும் 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உங்கள் தெருவில் எத்தனை பேர் பெயர் அந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படியும் அவரிடம் கேளுங்கள். எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு உங்கள் ஊர்ப் பாய் போனதாகச் சொல்லும் கதையை எல்லோரும் எழுதியாகிவிட்டது. இந்தக் கணக்கை எழுத இனிமேல்தான் ஆள் வேண்டும்.

எங்கள் வயலை ஒட்டி, மின்சாரம் எடுக்கும் பழைய காற்றாடியைக் கழற்றியவர்கள், இரும்பையும் செம்பையும் ஏற்றிக்கொண்டு, இறக்கைகளை மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பழைய இரும்புக் கடைக்காரரும் எடுக்க மறுக்கிறார். அது என்ன பொருள்?
*விவசாயி, பணகுடி*

கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக வைத்து, பிசின் ஊற்றி இறுக வைத்த கூட்டுப்பொருள் அது. கருப்பட்டியை உடைத்துக் காய்ச்சினால் பாகாகும். ஆறினால் மறுபடி கட்டியாகும். பல பிளாஸ்டிக்குகள் அந்தச் சாதி. இறக்கையின் பிசினோ அவித்த முட்டையைப் போன்றது. ஒருமுறை இறுகினால் எந்தச் சூட்டிலும் பழைய நிலைக்கு உருகாது, கருகும். அதனால்தான் கடைக்காரருக்கு அது வேண்டாம்.

தூத்துக்குடியில் 1986-இல் இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று அமைந்தது. அதைத் தொடர்ந்து கயத்தாறு, முப்பந்தல், உங்கள் பணகுடி என்று எழுந்த காற்றாடிகள் பலவற்றுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. இவை 20 முதல் 25 ஆண்டு உழைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. பழையவற்றை மாற்றியமைப்பதற்கென்று தமிழக அரசு 2024-இல் கொள்கை வெளியிட்டது. ஆகவே உங்கள் வயலோரத்தில் கிடப்பது போல இன்னும் நிறைய இறக்கைகள் இறங்கப் போகின்றன.

ஜெர்மனியில் இவற்றைத் துண்டாக்கிச் சிமெண்டுச் சூளையில் போடுகிறார்கள். ஏறத்தாழ 1,450 பாகைச் சூட்டில் பிசின் எரிபொருளாகிறது. கண்ணாடி இழையில் உள்ள சிலிக்காவும் சுண்ணாம்பும் சிமெண்டுக்கு மூலப்பொருளாகின்றன. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்திலேயே சிமெண்டுத் தொழில் இருக்கிறது என்பதால், இதை நம் வட்டாரத்தில் செய்ய முடியுமா என்பது நல்ல ஆய்வுத் தலைப்பு. வெட்டும் கூலி, லாரி வாடகை, தூசியைத் தடுக்கும் செலவு ஆகியவற்றைக் கழித்த பிறகு என்ன மிஞ்சும் என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். அதுவரை நீங்கள் அதை எரிக்கவும் வேண்டாம், ரம்பம் வைத்து அறுக்கவும் வேண்டாம். அந்தத் தூசி தோலையும் மூச்சையும் பாதிக்கும். நிலம் கொடுத்தபோது எழுதிய பத்திரத்தை எடுத்து, கழற்றிய பின் இடத்தைச் சுத்தம் செய்து தருவது யார் பொறுப்பு என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

பிஎச்.டி. சேர எம்.ஃபில். கட்டாயமா? கட்டுரை வெளியிடப் பணம் கேட்கிறார்களே, கொடுக்க வேண்டுமா?
*மாணவி, சங்கரன்கோவில்*

கட்டாயமில்லை, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டன. பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு. பொதுவாக 6 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு வரை நீட்டிப்பு உண்டு. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் இதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயமும் அவ்விதிகளில் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு வாரத்துக்குள் அச்சிடும் இதழுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஆதிச்சநல்லூரில் கிடைத்த இரும்பு ஏன் அப்பளம் போல உதிர்கிறது, வெண்கலம் மட்டும் ஏன் முழுதாக இருக்கிறது?
*எட்டாம் வகுப்பு மாணவி, ஸ்ரீவைகுண்டம்*

இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது உன்னுடையது, அம்மா. இரும்பு துருவாகும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். துருவில் நுண்ணிய துளைகள் இருப்பதால் நீரும் காற்றும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். உள்ளே புதிதாக ஊதிப்பெருகும் துரு, மேலே உள்ள அடுக்கைத் தள்ளி உதிர்க்கிறது. வெண்கலத்தின் மேல் படியும் பச்சை, பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு, அடியில் இருப்பதற்குப் போர்வை ஆகிவிடுகிறது. உப்பு மிகுந்த மண்ணில் வெண்கலமும் தப்பாது.

உன் ஊரிலிருந்து ஆதிச்சநல்லூர் பக்கம்தான். அங்கே கண்ணாடித் தளத்தில் நின்று, தாழிகளை அவை கிடந்த கிடையிலேயே குனிந்து பார்க்கலாம். போகும்போது ஒரு நோட்டைக் கொண்டு போ. துருவிலும் பச்சையிலும் எத்தனை நிறம் தெரிகிறது என்று எண்ணி, ஒவ்வொன்றையும் உன் ஆச்சி என்ன பெயர் சொல்லி அழைப்பார் என்று கேட்டு, எனக்கு எழுதி அனுப்பு.