கிருமியே இல்லாமல் வீக்கமா?

கேள்வி: நள்ளிரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்கிவிட்டது. போர்வை பட்டாலே உயிர் போகிறது. யூரிக் அமிலம் என்கிறார் டாக்டர். அடியும் படவில்லை, புண்ணும் இல்லை. பிறகு எதற்கு வீக்கம்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: டாக்டர் சொன்னது சரிதான், இது ‘கவுட்’ என்ற மூட்டு நோய். இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்தால், உடலின் குளிர்ந்த கோடியான பெருவிரல் மூட்டில் அது ஊசி ஊசியாகப் படிகமாகிவிடும். அங்கே காவலிருக்கும் மேக்ரோபேஜ் செல்கள் அந்த ஊசிகளை விழுங்கிவிட்டுத் திணறுகின்றன. உடனே செல்லுக்குள் இருக்கும் என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதம் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற, வீக்கத்தைத் தூண்டும் புரதத்தைத் தயாராக்குகிறது. அது வெளியேறியதும் இரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன, நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் திரளுகின்றன. உங்கள் சிவப்பு, சூடு, வலி எல்லாம் இந்த ஆரவாரம்தான். பிறவியிலேயே வந்த இந்த எதிர்ப்பாற்றலுக்குக் கிருமியும் ஒன்றுதான், படிகமும் ஒன்றுதான்.

படிகத்துக்கும் என்.எல்.ஆர்.பி.3-க்கும் உள்ள இந்தத் தொடர்பை விஞ்ஞானி யூர்க் சோப்பின் சுவிட்சர்லாந்துக் குழுவினர் வெளியிட்டது 2006-இல். கோல்சிசின் என்ற மருந்துப் பொருளைத் தரும் செடியோ பல நூற்றாண்டுகளாக இந்த நோய்க்கு மருந்து! காரணம் தெரியாமலேயே கொடுத்து வந்திருக்கிறார்கள்.

ஆன்டிபயாடிக் கேட்டு டாக்டரை நச்சரிக்காதீர்கள். பீரைத் தள்ளி வையுங்கள். ஆனால் காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்தாலும் இதே கோலம்தான்.