‘சிரி’ என்றதும் முகம் இறுகிப்போகிறதா?

கேள்வி: பெசன்ட் நகர் கடற்கரையில் மாலை 5 மணிக்கு, கடல் பின்னணியில் தோழியைப் படம் எடுத்தேன். பேசும்போது மலர்ந்திருக்கும் முகம், கேமராவைத் தூக்கியதும் விறைத்துவிடுகிறது. கண்ணைச் சுருக்குகிறார், ‘சிரி’ என்றால் பல் மட்டும் தெரிகிறது. என்ன சொல்லி அவரைப் பழக்குவது?

பதில்: முதலில் அவரை வெயிலிலிருந்து திருப்புங்கள். சென்னைக்குக் கடல் கிழக்கே. மாலையில் கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர் மேற்கே பார்க்கிறார். சாய்ந்த வெயில் நேராகக் கண்ணில் குத்தும். எத்தனை தேர்ந்த மாடலானாலும் அங்கே கண் சுருங்கத்தான் செய்யும். கடல் பின்னணிதான் வேண்டுமென்றால் சூரியன் உதித்த முதல் முக்கால் மணி நேரத்தில் எடுங்கள். வெயில் பின்னாலிருந்து கூந்தல் ஓரத்தில் விழும், முகம் நிழலில் இருக்கும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 முதல் +1 வரை ஏற்றினால் போதும். மாலைதான் வசதி என்றால் நீங்கள் அலைப்பக்கம் போய்விடுங்கள். வேடிக்கை பார்க்கும் கூட்டமும் அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கூச்சம் பாதி குறையும். முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர் வெள்ளிப் பூச்சாக இருந்தால் மறுபடி கண்ணைக் கூசவைக்கும். வெள்ளை நிறமே நல்லது.

இனி சிரிப்பு. உண்மையாகச் சிரிக்கும்போது கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும் என்று பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862-லேயே எழுதினார். உதட்டை நினைத்தபடி இழுக்கலாம், அந்தத் தசை சொன்ன பேச்சைப் பெரும்பாலும் கேட்காது. ஆகவே முகபாவத்தைக் கேட்காமல் ஒரு வேலையைக் கொடுங்கள். “செருப்பைக் கையில எடுத்துக்கோ, அலை வர்றதுக்குள்ள என்கிட்ட ஓடி வா.” ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்குக் குறையாமல், தொடர் ஷாட்டில் வையுங்கள். ஓடும்போது கிடைப்பதைவிட, ஓடி நின்று முடியை ஒதுக்கிக்கொண்டு “சரியா வந்துச்சா?” என்று நிமிரும் அந்த நொடியில்தான் நல்ல படம் இருக்கும். அதுவரை விரலை எடுக்காதீர்கள்.

சோகமாக இரு என்றால் புருவம் நெரியும், அவ்வளவுதான். “தூரத்துப் படகு எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துச் சொல்லு” என்று கேளுங்கள். அந்தக் கவனம் படத்தில் ஏக்கமாகத் தெரியும். அமைதியான பார்வைக்கு, கண்ணை மூடி, வாய் வழியே மூச்சை முழுதாக விட்டு, மூன்று எண்ணியதும் திறக்கச் சொல்லுங்கள். திறந்த முதல் நொடிக்குள் எடுத்துவிடுங்கள்; தாமதித்தால் முகம் மறுபடி தயாராகிக்கொள்ளும்.

முகத்தைத் திருத்துமுன் கையைப் பாருங்கள். கட்டைவிரல் உள்ளே மடங்கி முஷ்டி இறுகியிருந்தால் தோளும் தாடையும் இறுகியிருக்கும். துப்பட்டா முனையையோ செருப்பு வாரையோ பிடிக்கக் கொடுங்கள். இடது, வலது என்று சொன்னால் குழம்புவார். ‘கடல் பக்கம்’, ‘ரோட்டுப் பக்கம்’ என்று சொல்லுங்கள், அல்லது நீங்களே நின்று காட்டுங்கள். இரட்டைத் தாடை விழுந்தால் நெற்றியைக் கொஞ்சம் முன்னே கொண்டுவந்து, தாடையை ஒரு விரற்கடை இறக்கச் சொன்னால் சரியாகும்.

ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 85 மி.மீ. லென்ஸ், லென்ஸ் திறப்பு எஃப் 2.8, இரண்டரை மீட்டர் தூரம். அங்கிருந்து சாதாரணக் குரலில் பேசலாம். 200 மி.மீ. போட்டால் தள்ளி நின்று, காற்றை மீறிக் கத்த வேண்டியிருக்கும். கத்தினால் அது அதட்டலாகத்தான் காதில் விழும். இன்னொன்று: ஒவ்வொரு படத்துக்கும் திரையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். வெளிச்சக் கணக்குதான் உங்களைக் குழப்பியிருக்கும், ஆனால் ‘நான் நல்லா இல்லை போல’ என்றுதான் அவருக்குத் தோன்றும். செட்டிங்கை அவர் வருமுன்பே உங்கள் உள்ளங்கையை வைத்துச் சோதித்து முடித்துவிடுங்கள்.