டெல்லிக் குளிருக்குக் கனமான ஒரு ஜாக்கெட் போதாதா?

எம்.ஏ. படிக்க டெல்லிக்குக் கிளம்பும் நம் ஊர்ப் பிள்ளைகள் தவறாமல் கேட்பது இது: "அடுக்கடுக்காக உடுத்து என்கிறார்களே, ஏன்?"

அடுக்கி உடுத்துவது என்றால், உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, மேலே ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றைத் தடுக்கும் ஒரு ஜாக்கெட். குளிரைத் தடுப்பதில் துணியைவிட, இழைகளிலும் அடுக்குகளின் நடுவிலும் சிக்கிக்கொள்ளும் காற்றுக்குத்தான் பெரிய பங்கு. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஹாட்பாக்ஸின் இரட்டைச் சுவர் இட்லியை ஆறவிடாமல் வைத்திருப்பதும் ஏறக்குறைய இதே வித்தைதான்.

டெல்லிக்கு இது ரொம்பவே பொருந்தும். ஜனவரி விடியலில் 5 டிகிரிக்குக் கீழேகூடப் போகும்; மதியம் வெயில் வந்தால் 20ஐத் தொடும். காலையில் மூன்றும் வேண்டும், மதியம் ஒன்றைக் கழற்றிப் பையில் திணித்துக்கொள்ளலாம். கனத்த ஒற்றை ஜாக்கெட்டில் அந்த வசதி இல்லை. அப்புறம், இங்கே பெரும்பாலான விடுதி அறைகளில் ஹீட்டர் கிடையாது. பல நாள் வெளியைவிட அறைக்குள்தான் நடுக்கம்! மொசைக் தரையில் வெறுங்காலோடு நடந்து பார்த்தால் புரியும்.

ஊரிலிருந்து எதையும் சுமந்து வர வேண்டாம். நீங்கள் வந்து சேரும் ஜூலை, ஆகஸ்டில் புழுக்கம்தான். நவம்பரில் இங்குள்ள சரோஜினி நகர் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம், ரஜாய் எனப்படும் பஞ்சுப் போர்வையும் இங்கேயே கிடைக்கும்.

ஸ்வெட்டர் சூடு தரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தராது, உங்கள் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அதனால் நடுங்க ஆரம்பித்த பிறகு தேடாமல், அறையை விட்டுக் கிளம்பும்போதே போட்டுக்கொள்ளுங்கள்.