காவிப் பல்

அன்புள்ள அண்ணா,

போன வாரம் தர்மபுரியில் அந்தக் கல்குவாரி படம் பார்த்தேன். நம்ம மாவட்டத்துக் கதை. தலித், இருளர், முஸ்லிம், ஒடிசாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளி என்று எல்லாருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். நம்ம ஊர்க் கொச்சைத் தமிழும் பேசுகிறார்கள். ஆனாலும் நம்ம ஜனங்களைப் பார்த்த மாதிரியே இல்லை. இருளர் பெண்ணாக வெளியூர் நடிகை நடித்ததுதான் காரணமா?

ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள தம்பி,

நானும் பார்த்தேன். பாதியில் எழுந்து வந்துவிடலாமா என்றிருந்தது.

முதலில் ஒன்று. ‘கொச்சை’ என்று இன்னொரு தடவை எழுதாதே. உன் அம்மா உன்னைத் தாலாட்டிய பேச்சு அது. தேன்கனிக்கோட்டை பக்கம் சந்தைக்குப் போய் நின்று பார். ஒரே ஆள் தெலுங்கில் விலை கேட்டு, கன்னடத்தில் பேரம் பேசி, தமிழில் கணக்கு முடிப்பார். அதில் கொச்சை எங்கே இருக்கிறது? படித்த பிள்ளை நீயே இப்படி எழுதினால் எனக்குக் கோபம் வராதா?

இருளர் பெண் ஒருத்திக்கே அந்த வேடம் கிடைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அதைத் தாண்டி அந்த நடிகைமேல் எனக்குக் குறையில்லை. யார் யாருக்கு இடம் கொடுத்தார்கள் என்று தலை எண்ணுவதையும் விடு. நான் படம் முழுக்கப் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகத்துக்குக் கறுப்பு பூசியிருக்கிறார்கள். சட்டையைக் கிழித்து, நகக்கண்ணில் அழுக்கு வைத்திருக்கிறார்கள். வாயைத் திறந்தால் வெள்ளை வெளேர். பென்னாகரம் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களாம். ஒருவர் பல்லில்கூடக் காவி இல்லை! நம்ம பாறையில் இருக்கும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே எத்தனையோ. பல் ஈறுக்குள் உருவாகும் சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால், பல்லே பழுதாகித்தான் முளைக்கும், போகப் போகக் காவி ஏறிவிடும். தேய்த்துப் போகிற கறையா அது? நம்ம ஊர் வாய்க்குள் இருப்பதைப் பார்க்காமல் நம்ம ஊர்ப் படம் எடுக்க எப்படி மனசு வந்தது?

1981இல் பத்தாம் வகுப்பு போட்டோ எடுத்தார்கள். போட்டோக்காரர் “சிரிங்க, சிரிங்க” என்று தொண்டை வற்றக் கத்தினார். மூன்று வரிசையிலும் ஒருத்தன் உதட்டைத் திறக்கவில்லை. சேலத்திலிருந்து வந்த எங்கள் வாத்தியார் மட்டும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

என் அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முதல் நாளே செங்கல் தூளும் உப்பும் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடும். ஈறில் ரத்தம் வரும்வரை தேய்க்கும். ஒருமுறை ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, “பொண்ணு வெத்தலை போடுமா?” என்று அம்மாவிடம் கேட்டார்கள். அக்கா வெற்றிலையைத் தொட்டதே இல்லை. அம்மா என்ன சொல்வதென்று தெரியாமல் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கடைசியில் பக்கத்து ஊரிலேயே, அதே மாதிரிப் பல் இருந்த ஒருவருக்குத்தான் அக்காவைக் கொடுத்தோம். மாமா நல்ல மனுஷன். முட்டி மடங்காமல், நடக்க முடியாமல் கிடந்து செத்தார். அதுவும் அந்தத் தண்ணீர் செய்த வேலைதான்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியது. அக்கா வீட்டுக் குழாயிலும் இப்போது காவிரித் தண்ணீர். பேத்திக்குப் பத்து வயது. பல் முத்து மாதிரி இருக்கிறது. அக்காவுக்குச் சிரிப்பு வந்தால் இன்றைக்கும் இடது கை தானாக மேலே போய் வாயை மூடிக்கொள்ளும். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். அக்கா சிரித்தது, கை மேலே போனது. பக்கத்தில் பேத்தியும் சிரித்தாள். அவள் கையும் மேலே போனது.